ஷேல் வாயுக் கிணற்றுப் பதிவுகளைக் கணக்கிடுவது எப்படி: வன்னி மாணவருக்கான முழுமையான வழிகாட்டி

வவுனியாப் பக்கம் குழாய்க்கிணறு தோண்டினால் சில பத்து மீற்றருக்குள்ளேயே கருங்கல் தட்டிவிடும். புவிச்சரிதவியலாளர் வன்னித் தொகுதி என்று பெயரிட்ட உருமாறிய பாறை அது. அதற்குள் ஷேல் வாயு, அதாவது ஷேல் எனப்படும் மாக்கல்லுக்குள் அடைபட்ட இயற்கை வாயு, இருக்க வழியில்லை. மேற்கே முருங்கனைத் தாண்டி மன்னாரை நெருங்க நெருங்க அடையற்பாறை தடிக்கிறது. பேசாலையில் 1970களில் சோவியத் உதவியோடு எண்ணெய் தேடிக் கிணறுகள் துளைத்தார்கள். மன்னார்க் கடலில் 2011இல் கெயார்ன் நிறுவனம் டொராடோ, பராகுடா என்ற இரண்டு கிணறுகளில் இயற்கை வாயுவைக் கண்டது. அந்த வாயு கிடந்தது மணற்கல்லில். ஷேலில் அல்ல.

ஆகவே பயிற்சிக்கான ஷேல் பதிவுகளை, அதாவது கிணற்றுக்குள் கருவிகளை இறக்கி ஆழத்துக்கு ஆழம் எடுத்த வாசிப்புகளை, வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அமெரிக்காவின் கன்சாஸ் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் ஆயிரக்கணக்கான கிணறுகளின் பதிவுகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படிப்பவருக்கு ஒரு மடிக்கணினியும் ஒருமுறை தரவிறக்க இணைப்பும் போதும். மிச்சத்தை இணைப்பில்லாமலே செய்யலாம்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரேயொரு ஆழத்தின் வாசிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறது. அவை பயிற்சிக்காக நாங்கள் அமைத்த எண்கள்: காமா (பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு) 180 ஏபிஐ அலகு, ஆழ்தடைத்திறன் (துளைச் சுவரிலிருந்து உள்ளே தள்ளி அளந்த மின்தடைத்திறன்) 40 ஓம் மீற்றர், ஒலிப் பயண நேரம் அடிக்கு 90 மைக்ரோசெக்கன், அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.45 கிராம். மணற்கல்லுக்கு எழுதிய சூத்திரங்களை அப்படியே இந்த எண்களில் போட்டால் துளைகளில் உள்ள வாயு மூன்றரை மடங்கு கூடிவிடும். கூடுதலாகச் சேரும் அந்த வாயு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் ஒவ்வொரு படியாகப் பார்க்கப்போகிறோம்.

படி 1: கோப்பைத் திறந்து குப்பையை அகற்றுதல்

பதிவுகள் லாஸ் என்ற எழுத்துக்கோப்பு வடிவில் வரும். கனடாக் கிணற்றுப் பதிவுச் சங்கம் வகுத்த வடிவம் இது. தலைப்பகுதியில் கிணற்றின் விவரம், வளைகோடுகளின் பெயர், அலகு ஆகியவை இருக்கும். அடியில் எண்கள் நிரல் நிரலாக நிற்கும். பொதுவாக அரை அடிக்கு ஒரு வாசிப்பு, அதாவது 0.1524 மீற்றர் இடைவெளி. பைதனில் லாசியோ என்ற இலவசப் பொதி இதை ஒரே வரியில் வாசித்துத் தரும். எக்செல்லிலும் செய்யலாம், ஆனால் ஆயிரக்கணக்கான வரிகளில் ஒரு சூத்திரம் ஒரு கட்டம் நழுவினால் கண்ணில் படாது.

முதல் வேலை, வெற்று வாசிப்பைக் குறிக்கும் −999.25 என்ற எண்ணைத் தேடி நீக்குவது. மறந்துவிட்டால் சராசரி எல்லாம் சரிந்துவிடும். அதைவிட மோசம், அந்த எண்ணை மடக்கைக்குள் போடுவது: நிரல் நின்றுவிடும், அல்லது சத்தமில்லாமல் வெற்றிடம் பரவிவிடும்.

இரண்டாவது, துளையின் சுவர். ஷேல் இலகுவில் உதிரும். துளையின் விட்டத்தை அளக்கும் கலிப்பர் வளைகோடு, துளைக்கும் அலகின் விட்டத்தைவிட ஒன்றிரண்டு அங்குலம் கூடுதலாகக் காட்டினால் அந்த இடத்தில் அடர்த்திக் கருவி பாறையை அளக்கவில்லை, நடுவில் நிற்கும் துளைப்புச் சேற்றையும் சேர்த்து அளந்திருக்கிறது. அடர்த்தித் திருத்த வளைகோடு 0.1 முதல் 0.15ஐத் தாண்டினாலும் அதே சந்தேகம்தான். அத்தகைய வரிகளைக் கொடியிட்டு ஒதுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் உதிர்ந்த இடமெல்லாம் அடர்த்தி குறைந்து, சேதனப் பொருள் செறிந்த அருமையான அடுக்குபோலத் தோன்றும். சேற்றில் பாரமூட்டப் பரைற்றுக் கனியம் கலந்திருந்தால், கனிய வகையைக் காட்டும் ஒளிமின் காரணி வளைகோட்டை நம்பவே வேண்டாம்.

மூன்றாவது, ஆழப் பொருத்தம். கோர் எனப்படும், வெட்டி எடுத்த பாறைத்தண்டின் ஆழமும் கருவிகளை இறக்கும் கம்பிவடம் காட்டும் ஆழமும் ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் விலகி நிற்பது வழமை. பாறைத்தண்டின் காமா அளவீட்டையும் கிணற்றுக் காமாவையும் எடுத்து, ஒன்றை மற்றதன்மேல் ஒவ்வொரு வாசிப்பாக நகர்த்தி, இணைபுக் குணகம் எங்கே உச்சமாகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒன்றரை மீற்றர் என்பது ஏறத்தாழ பத்து வாசிப்புகள். இதைத் தவறவிட்டால் பின்னால் எந்தப் பிற்செலவுக் கோடும் (புள்ளிகளுக்கு மிகக் கிட்டவாகப் பொருத்தும் கோடு) பொருந்தாது. பொருந்தாததற்கு நீங்கள் சூத்திரத்தைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தடைத்திறனை மென்மைப்படுத்த வேண்டி வந்தால் முதலில் மடக்கை எடுத்து, பிறகு சராசரி காணுங்கள். நேரே சராசரி எடுத்தால் ஒரு 400 ஓம் மீற்றர் வாசிப்பு பக்கத்தில் உள்ள பத்தையும் விழுங்கிவிடும்.

படி 2: களியின் பங்கு

காமா கூடினால் களி கூடும் என்பது பாடசாலைப் பாடம். நம்மூரிலேயே அது பிழைக்கும். கொக்கிளாய்க்குத் தெற்கே புல்மோட்டைக் கடற்கரை மணலில் களி இல்லை. ஆனால் அந்தக் கனிய மணலோடு வரும் மொனசைற்றில் தோரியம் இருப்பதால் காமா ஏறும். கரிய ஷேலில் இதையே யுரேனியம் செய்கிறது. ஒட்சிசன் அற்ற கடலடியில் சேதனப் பொருளோடு யுரேனியமும் சேர்ந்து படிந்துவிடும். மொத்தக் காமாவை வைத்துக் களியைக் கணக்கிட்டால் வாயு நிறைந்த அடுக்கே களி நிறைந்த அடுக்காகிவிடும்.

எனவே தோரியம், யுரேனியம், பொற்றாசியம் மூன்றையும் பிரித்துக் காட்டும் நிறமாலைக் காமா இருந்தால் யுரேனியத்தைக் கழியுங்கள். நடைமுறையில் பயன்படும் அண்ணளவுச் சமன்பாடு:

மொத்தக் காமா = 4 × தோரியம் + 8 × யுரேனியம் + 16 × பொற்றாசியம்

தோரியமும் யுரேனியமும் மில்லியனில் பங்காகவும் பொற்றாசியம் சதவீதமாகவும் வரும். நமது ஆழத்தில் யுரேனியம் 12 என்றால் அதன் பங்கு 96. மீதி 84 ஏபிஐ. களியற்ற பாறைக்கு 20, முழுக் களிக்கு 140 என எடுத்தால்:

காமாச் சுட்டி = (84 − 20) ÷ (140 − 20) = 0.53

பழைய, இறுகிய பாறைகளுக்கான லாரியோனோவ் சூத்திரம்: களிப்பங்கு = 0.33 × (2இன் அடுக்கு [2 × சுட்டி] − 1). இதிலிருந்து 0.36 வருகிறது. யுரேனியத்தைக் கழிக்காமல் 180ஐயே வைத்து, முழுக் களிக்கு 190 என்று எடுத்திருந்தால் விடை 0.89. ஒரே பாறை, ஒரு வளைகோட்டை மாற்றியதற்கே இத்தனை வித்தியாசம்.

பொற்றாசியம் குளோரைட்டுச் சேற்றில் எடுத்த பதிவானால் பொற்றாசியப் பங்கும் செயற்கையாக ஏறியிருக்கும். சேற்றின் விவரம் லாஸ் கோப்பின் தலைப்பகுதியில் இருக்கும். கணக்குத் தொடங்குமுன் அதைப் பாருங்கள்.

படி 3: மொத்த சேதனக் காபன்

வழிகாட்டியின் இருதயம் இதுதான். 1990இல் பாசேயும் கூட்டாளிகளும் வெளியிட்ட மடக்கை இடைவெளி முறை இன்றுவரை நின்று பிடிக்கிறது. கருத்து எளிமையானது. தடைத்திறனை மடக்கை அளவிடையிலும் ஒலி நேரத்தைச் சாதாரண அளவிடையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். தடைத்திறனின் ஒரு பத்து மடங்குக்கு ஒலியின் 50 மைக்ரோசெக்கன் சமமாக நிற்க வேண்டும். சேதனப் பொருள் குறைந்த ஷேலில் இரண்டு கோடுகளும் ஒட்டிப்போகும்படி நகர்த்துங்கள்; அந்த இடத்து வாசிப்புகளே அடிக்கோடு. சேதனப் பொருள் வந்ததும் இரண்டும் பிரியும்: திண்மச் சேதனப் பொருளான கெரோஜனால் ஒலி மெதுவாகிறது, வாயுவும் எண்ணெயும் நீரை வெளியே தள்ளியதால் தடைத்திறன் ஏறுகிறது.

இடைவெளி = மடக்கை(தடைத்திறன் ÷ அடித்தடைத்திறன்) + 0.02 × (ஒலி நேரம் − அடி ஒலி நேரம்)

அடிக்கோடு 4 ஓம் மீற்றர், 75 மைக்ரோசெக்கன் என்றால்: மடக்கை 10 = 1.00, 0.02 × 15 = 0.30, இடைவெளி 1.30.

காபன் சதவீதம் = இடைவெளி × 10இன் அடுக்கு (2.297 − 0.1688 × முதிர்ச்சி மட்டம்)

முதிர்ச்சி மட்டம், அதாவது புவியின் வெப்பத்தில் சேதனப் பொருள் எவ்வளவு வெந்திருக்கிறது என்ற அளவு, 10 என்றால் பெருக்கும் எண் 4.06, காபன் 5.3%. அதே பாறைக்கு முதிர்ச்சியை 9 என்று எடுத்தால் 7.8%, 11 என்றால் 3.6%. ஆகவே முதிர்ச்சி மட்டத்தை ஊகித்துப் போடக்கூடாது. விற்றினைற்று என்ற சேதனத் துணிக்கை ஒளியை எவ்வளவு தெறிக்கிறது என்ற அளவீட்டிலிருந்து எடுக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. முறை அளவுதிருத்தப்பட்டது ஏறத்தாழ 10.5 வரைதான். வாயுத் தரும் ஷேல்கள் பல அதற்கு மேலே நிற்பவை. அங்கே சூத்திரத்தின் எண்ணை அப்படியே போட்டால் காபன் குறைவாகக் காட்டும். பாறைத்தண்டின் ஆய்வுகூட அளவீடுகளோடு பிற்செலவுக் கோடு பொருத்தி, அந்தப் பெருக்கும் எண்ணை நீங்களே கண்டுபிடிப்பதுதான் நேர்மையான வழி.

அடிக்கோடு என்பது குளத்தில் நட்ட அளவுகோலின் பூச்சியம் போன்றது. இரணைமடுவில் 36 அடி என்றால் எந்த மட்டத்திலிருந்து 36 என்பது தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். அடித்தடைத்திறனை 4க்குப் பதிலாக 2 என்று எடுத்தால் நமது காபன் 5.3இலிருந்து 6.5க்கு ஏறிவிடும். அடிக்கோட்டை ஒரு வாசிப்பில் எடுக்காதீர்கள். வாயு அடுக்குக்குக் கிட்டவாக, அதே வகைக் களி உள்ள, தடித்த பகுதியொன்றில் இரண்டு வளைகோடுகளும் பல மீற்றருக்கு இணையாக ஓடும் இடத்தில் இடையம் எடுங்கள். கிணற்றின் நீளம் அதிகமானால் ஆழத்தோடு ஷேல் இறுகிக்கொண்டே போகும். அடிக்கோட்டையும் துண்டு துண்டாக மாற்ற வேண்டிவரும்.

அடிக்கோட்டு ஷேலிலும் கொஞ்சம் காபன் இருக்கவே செய்யும். அந்தப் பின்னணிக் காபனைக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதை அந்த ஷேலின் மாதிரிகளே சொல்லும்.

பொய்யாக மினுங்கும் அடுக்கு ஒன்று எப்போதும் காத்திருக்கும்: இறுகிய சுண்ணக்கல். அதன் தடைத்திறன் 125, ஒலி நேரம் 55 என்று வையுங்கள். இடைவெளி 1.50 − 0.40 = 1.10. காபன் 4.5%! அங்கே சேதனப் பொருள் ஒரு துளியும் இல்லாதிருக்கலாம். களிப்பங்கும் ஒலி நேரமும் ஒருசேரக் குறைந்த வரிகளைக் கணக்கிலிருந்து முகமூடியிட்டு விலக்கிய பிறகே இந்தச் சூத்திரத்தை ஓட்ட வேண்டும்.

ஒலிப்பதிவு இல்லாத கிணறுகளில் அடர்த்தியைப் பயன்படுத்தலாம். இரண்டாம் உறுப்பு −2.5 × (அடர்த்தி − அடி அடர்த்தி) ஆகும். வட அமெரிக்காவின் பேக்கன் ஷேலுக்கு ஷ்மோக்கரும் ஹெஸ்டரும் 1983இல் தந்த 154.497 ÷ அடர்த்தி − 57.261 என்ற கோடும் பலரால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஊர் ஷேலுக்கும் போடப்படுகிறது. நமது 2.45க்கு அது 5.8% தருகிறது. கிட்ட வந்தது தற்செயல். பைரைற்று நிறைந்த வேறொரு ஷேலில் இப்படி வராது.

படி 4: துளைமை

கெரோஜனின் அடர்த்தி 1.1 முதல் 1.4 வரை. அதாவது அடர்த்திக் கருவிக்கு அது பாறையாகத் தெரியாது, ஏறத்தாழ நீர்போலத் தெரியும். மணற்கல் சூத்திரம் அதைத் துளையென்று எண்ணிவிடும்.

மணற்கல் வழி: (2.72 − 2.45) ÷ (2.72 − 1.00) = 15.7%. இங்கே 2.72 என்பது பாறைத்திண்ம அடர்த்தி, அதாவது துளைகளைத் தவிர்த்த திண்மத்தின் அடர்த்தி; 1.00 என்பது நீரின் அடர்த்தி.

கெரோஜனைக் கணக்கில் எடுக்க, முதலில் அதன் கனவளவுப் பங்கு: 0.053 × 1.2 × 2.45 ÷ 1.3 = 0.12. இங்கே 1.2 என்பது காபன் திணிவைக் கெரோஜன் திணிவாக்கும் காரணி, 1.3 என்பது கெரோஜனின் அடர்த்தி. அடுத்து:

துளைமை = [பாறைத்திண்ம அடர்த்தி − வாசித்த அடர்த்தி − கெரோஜன் பங்கு × (பாறைத்திண்ம அடர்த்தி − கெரோஜன் அடர்த்தி)] ÷ (பாறைத்திண்ம அடர்த்தி − பாய்ம அடர்த்தி)

வாயுவும் நீரும் கலந்த பாய்மத்துக்கு 0.5 எடுத்தால்: (0.27 − 0.12 × 1.42) ÷ 2.22 = 4.5%.

பதினைந்தே முக்கால் நாலரையாகிவிட்டது. கூடுதலாகச் சேர்ந்த வாயுவின் ஊற்று இதுதான். பைரைற்றின் அடர்த்தி 5.0; கொஞ்சம் இருந்தாலும் பாறைத்திண்ம அடர்த்தியை 2.72இலிருந்து 2.75க்குத் தூக்கிவிடும், அப்போது துளைமை 5.6%. எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் பகுப்பாய்வு இல்லாமல் இந்த எண்ணைத் தசமத்துக்கு நம்ப முடியாது.

சிலர் எல்லாவற்றையும் ஒரே தாயத்தில் போட்டுத் தீர்க்கப் பார்ப்பார்கள்: களி, குவாட்சு, கல்சைற்று, கெரோஜன், துளைமை என ஐந்து தெரியாக் கணியங்கள், அடர்த்தி, நியூத்திரன், ஒலி, ஒளிமின், பங்குகளின் கூட்டுத்தொகை 1 என ஐந்து சமன்பாடுகள். எழுத்தில் அழகு. ஆனால் கெரோஜன் நிரலையும் துளைமை நிரலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இரண்டும் அடர்த்தியைக் குறைக்கின்றன, நியூத்திரனையும் ஒலி நேரத்தையும் கூட்டுகின்றன. நிரல்கள் கிட்டத்தட்ட ஒரே திசை. வாசிப்பில் ஒரு சிறு தளம்பல் வந்தால் கெரோஜன் பூச்சியமாகித் துளைமை இருமடங்காகும், அடுத்த வரியில் மாறி விழும். ஆகவே கெரோஜனைப் படி 3இலிருந்து கொண்டுவந்து நிலைப்படுத்திவிட்டு மிச்சத்தை மட்டும் மறையில்லா இழிவு வர்க்க முறையில் தீருங்கள். ஒவ்வொரு சமன்பாட்டையும் அந்தக் கருவியின் வழுவால் வகுப்பது கட்டாயம். இல்லாவிட்டால் 90 என்ற ஒலியெண் 2.45 என்ற அடர்த்தியெண்ணை மிதித்துவிடும்.

படி 5: நீர் நிரம்பல்

மன்னார் முருங்கன் கறுப்புக் களியில் விதைத்தவருக்குத் தெரியும்: மண் ஈரமாக இருக்கும், பயிர் வாடும். நீர் களியின் படலங்களுக்கிடையே பிடிபட்டுக் கிடக்கிறது. ஷேலிலும் அதே கதை. அந்த நீர் மின்னைக் கடத்தும், ஆனால் துளையில் வாயுவுக்கு உரிய இடத்தை அது பிடிக்கவில்லை.

துளைகளில் நீர் பிடித்த பங்கைக் காண ஆர்ச்சி 1942இல் தந்த சூத்திரம் களியற்ற மணலுக்கு. அதில் துளைமைக்கும் நீருக்கும் உரிய அடுக்குகள் இரண்டும் 2, நீரின் தடைத்திறன் 0.05 என்றால், மணற்கல் துளைமையான 15.7%க்கு நீர் ஏறத்தாழ 22% வரும். வாயு பாறையின் 12.2%. துளைமையை 4.5%க்குத் திருத்திவிட்டு அதே ஆர்ச்சியைப் போட்டால் நீர் 79%. வாயு ஏறத்தாழ 1%. மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்த கதை. துளைமை அடுக்கை 1.7 ஆக்கினால் நீர் 49%.

களியின் கடத்தலையும் சேர்க்கும் சிமன்டூ சமன்பாடு:

1 ÷ தடைத்திறன் = (துளைமையின் 1.7ஆம் அடுக்கு ÷ நீர்த் தடைத்திறன்) × நீரின் வர்க்கம் + (களிப்பங்கு ÷ களித் தடைத்திறன்) × நீர்

இது நீரில் ஓர் இருபடிச் சமன்பாடு. களித் தடைத்திறன் 4 என எடுத்தால் நமது எண்களில் 0.1027 × நீரின் வர்க்கம் + 0.09 × நீர் − 0.025 = 0; நேர் மூலம் 0.22. வாயு 3.5%. 12.2க்கும் 3.5க்கும் இடையில் மூன்றரை மடங்கு.

நீர் 22% என்பது முதலிலும் வந்தது, இப்போதும் வருகிறது. அதைக் கண்டு மணற்கல் வழியே சரி என்று நினைத்துவிடாதீர்கள்: இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்திருக்கின்றன. பைரைற்று இணைந்த வலையாகக் கிடந்தால் தடைத்திறனே சரிந்துவிடும். அங்கே சிமன்டூவும் உதவாது, பாறைத்தண்டில் நேரே அளந்த நீர்தான் கதி.

படி 6: ஒட்டிய வாயுவும் திறந்த வாயுவும்

கெரோஜனின் மேற்பரப்பில் மெதேன் ஒட்டிக் கிடக்கும். லாங்மியர் சமன்பாடு:

ஒட்டிய வாயு = உச்சக் கொள்ளளவு × அமுக்கம் ÷ (அரைக்கொள்ளளவு அமுக்கம் + அமுக்கம்)

ஆய்வுகூடத்தில் 4% காபன் உள்ள மாதிரிக்கு உச்சம் தொன்னுக்கு 2.5 கன மீற்றர், அரைக்கொள்ளளவு அமுக்கம் 5 மெகாபஸ்கால் என்று வந்தால், 5.3%க்கு விகிதப்படி 3.31. கிணற்றில் 25 மெகாபஸ்கால்: 3.31 × 25 ÷ 30 = 2.76. ஆய்வுகூட வெப்பநிலை கிணற்றின் வெப்பநிலையைவிடக் குறைவாக இருந்தால் இந்த எண் மிகையாகும். உலர்ந்த மாதிரியில் அளந்திருந்தாலும் அப்படியே.

துளைகளில் ஒட்டாமல் நிற்பது திறந்த வாயு. திறந்த வாயு = 0.035 ÷ (2.45 × 0.0047) = தொன்னுக்கு 3.0 கன மீற்றர். இங்கே 0.0047 என்பது வாயுவின் கனவளவுக் காரணி: மேற்பரப்பில் ஒரு கன மீற்றர் வாயு கிணற்றின் ஆழத்தில் பிடிக்கும் இடம்.

இரண்டையும் கூட்டி 5.8 என்று எழுதுவதுதான் மாணவர்கள் வழக்கமாக விடும் பிழை. ஒட்டிய வாயுவும் அதே துளைக்குள்தான் இடம் பிடிக்கிறது. 2.76 கன மீற்றர் மெதேன் ஏறத்தாழ 1.9 கிலோ, ஒட்டிய நிலையில் அதன் அடர்த்தி 0.37 என்றால் 5 லீற்றர். ஒரு தொன் பாறையில் வாயுவுக்குரிய இடமே 14.3 லீற்றர்தான். மிச்சம் 9.3 லீற்றரில் அடங்கும் திறந்த வாயு 2.0. மொத்தம் 4.7, ஐந்திலொரு பங்கு குறைவு.

படி 7: எங்கே உடையும்

வாயுவை எடுக்க ஷேலை உடைக்க வேண்டும். ரிக்மன் குழுவினர் 2008இல் தந்த நொறுங்குமைச் சுட்டி, யங்கின் மட்டை 6.9 முதல் 55 கிகாபஸ்கால் வரையும் புவசோன் விகிதத்தை 0.40 முதல் 0.15 வரையும் நூற்றுக்கு அளவிட்டுச் சராசரி எடுப்பது. குறுக்கு அலைப் பதிவு இல்லாமல் முடியாது. ஒலியிலிருந்து வரும் மட்டு இயங்கு மட்டு. நிலை மட்டாக மாற்றிய பிறகே போடுங்கள். இந்தச் சுட்டிக்கு அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை: இறுகிய சுண்ணக்கல்லும் இதில் உயர்ந்த புள்ளி வாங்கும், வாயு மட்டும் இராது.

படி 8: விடையின் அகலம்

4.7 என்று ஒற்றை எண் எழுதினால் கணக்கு முடியவில்லை. முதிர்ச்சி மட்டம், அடித்தடைத்திறன், பாறைத்திண்ம அடர்த்தி, நீர்த் தடைத்திறன், துளைமை அடுக்கு ஆகிய ஐந்துக்கும் நியாயமான வீச்சைக் கொடுத்து, எழுந்தமானமாக ஆயிரம் முறை படி 3 முதல் 6 வரை ஓட்டுங்கள். விடைகளை வரிசைப்படுத்தி 100ஆவது, 500ஆவது, 900ஆவது எண்ணை எடுங்கள். ஐந்தையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவையாக எடுக்கும்போது கவனம்: காபன் கூடும் ஓட்டத்தில் துளைமை தானாகக் குறைய வேண்டும். அந்தத் தொடர்பு அறுந்தால் வீச்சு பொய்யாக அகலும்.

பாறைத்தண்டு மாதிரிகள் 30 இருந்தால் 20ஐ மட்டும் அளவுதிருத்தத்துக்குப் பயன்படுத்தி 10ஐ உறையிட்டு வைத்துவிடுங்கள். கடைசியில் திறந்து ஒப்பிடுங்கள். பத்தையும் எழுந்தமானமாகப் பொறுக்காமல், ஒரு தொடர்ச்சியான ஆழத்துண்டாக ஒதுக்க வேண்டும். அரை அடி தள்ளிய மாதிரி ஏற்கெனவே கணக்குக்குள் இருக்கும்போது அதன் அயல் மாதிரியைச் சரியாகச் சொல்வது சோதனையாகாது.